ஹெஸ்டரின் மூன்றாவது நாவல்

என் மனைவிக்கு முட்டை சரியாக நான்கு நிமிடம் வேக வேண்டும். பத்தொன்பது வருடமாக நான்தான் வேக வைத்துக் கொடுக்கிறேன். ஹெஸ்டர் நாவலாசிரியர். அவள் எழுதும்போது தொலைபேசியை எடுப்பது, கடிதங்களைப் பிரிப்பது எல்லாம் என் வேலை. நீங்கள் கேட்டதால் வரிசையாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

எங்கள் குழந்தை பிறந்த மறுநாளே இறந்துபோன வருடத்தில் அவள் முதல் நாவலை எழுதினாள். அதற்குப் பெரிய பரிசு கிடைத்தது. இரண்டாவதை இந்த நார்ஃபோக் கடற்கரைக்கு வந்து, தோட்டம் போட்டு, சந்தோஷமாக எழுதினாள். பத்திரிகைகள் அதை 'இதமான புத்தகம்' என்றன.

"இதமா இருக்காம், டெஸ்மண்ட். ஏதோ ஸ்வெட்டரைச் சொல்ற மாதிரி சொல்றாங்க," என்று சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அந்த அக்டோபரில் எங்கள் நாய் செத்தது. அதற்கு வலிக்காமல் பார்த்துக்கொண்டேன். ஹெஸ்டர் மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் மூன்றாவது நாவலைத் தொடங்கினாள். அபாரமான பக்கங்கள். அதன்பிறகு சிநேகிதிகளின் கடிதங்களை அவளிடம் கொடுப்பதை நிறுத்தினேன்.

"யாருக்கும் என் ஞாபகமே இல்ல போல," என்றாள் ஒரு நாள். ஏழாம் அத்தியாயத்தில் அந்த வாக்கியம் அப்படியே வந்தது.

அப்போதுதான் அவளுடைய அக்கா பிலிப்பா லீட்ஸிலிருந்து வந்து சேர்ந்தாள்.

"என்னடி, எலும்பும் தோலுமா நிக்கறே? எங்கூடக் கிளம்பு. புத்தகம் எங்கயும் ஓடிப்போயிடாது."

"டெஸ்மண்ட் என்ன சொல்வானோ."

"அவனை என்ன கேக்கறது? முட்டையை அவனே வேக வெச்சு அவனே தின்னட்டும்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹெஸ்டர் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள். இன்னும் நான்கு அத்தியாயங்கள் பாக்கியிருந்தன.

பிலிப்பா தினமும் காலையில் கடலோரச் செங்குத்து மேட்டில் நடப்பாள். மழையில் விளிம்பு சரிந்துவிட்டதால் அங்கே ஒரு தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைத்திருந்தார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய மாலை இரண்டையும் பிடுங்கிப் புதருக்குள் போட்டேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. மறுநாள் நல்ல மூடுபனி. ஹெஸ்டருக்கு எந்தச் சத்தமும் கேட்டுவிடக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினேன். நடக்கப் போன பிலிப்பா திரும்பி வரவில்லை. தடுப்பையும் பலகையையும் காற்று பிடுங்கிப் போட்டிருக்கும் என்று ஊரே நம்பியது.

ஆனால் ஹெஸ்டர் எழுதவில்லை. பதினொரு மாதம் ஒரு வரிகூட எழுதாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நேற்றுக் காலை அவளெதிரே உட்கார்ந்து, நாயிலிருந்து பலகை வரை நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவள் எழுந்து போய் எழுதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் வரை பேனா ஓடும் சத்தம் கேட்டது. வெளியே சந்தோஷமாக, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் உங்களுக்கு எழுதிய நான்கு பக்கங்கள் இதோ உங்கள் மேசைமேல் இருக்கின்றன. ஒரு சொல் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. அவள் எழுதியதிலேயே சிறந்தது அதுதான், இன்ஸ்பெக்டர். நான் இல்லாவிட்டால் அவள் அதை எழுதியிருக்கவே மாட்டாள்.