வெளிப்பக்கக் கீறல்

— மீன் தொட்டியை வட்டமா தேய்க்காதீங்க மாப்ளே. மேலயும் கீழயுமா போங்க.

— லிஃப்ட் மாதிரியா மாமா?

— லிஃப்ட் மாதிரிதான். ஆயுசு பூரா மேலயும் கீழயும் போயே ரெண்டு பொண்ணுங்களை வளத்தவன் நான். கிண்டல் பண்ணாதீங்க.

— கிண்டல் இல்ல. வட்டமா தேய்ச்சா என்ன ஆகும்னு கேட்டேன்.

— சுழி சுழியா நிக்கும். வெளிச்சம் பட்டா குழந்தைத் தலையில சுழி தெரியற மாதிரி தெரியும். தண்ணி தொட்டுக்கோங்க. காஞ்ச தாளு புதுக் கீறல் போட்டுடும்.

— தொட்டாச்சு.

— இது எந்தத் தாளு?

— ஆயிரத்து ஐநூறு.

— கொடுங்க பாக்கலாம். அட, கன்னத்துல தடவலாம் போலிருக்கே. இதையும் உப்புத்தாள்னா சொல்றாங்க?

— நம்பர் ஏற ஏற மெல்லிசாயிடும் மாமா. முரட்டுத் தாளு பெரிய கீறலைப் போக்கும். அது போட்ட கீறலை அடுத்த தாளு போக்கும். அது போட்டதை அதுக்கு அடுத்தது.

— ஆக மொத்தம், கீறலைக் கீறித்தான் போக்கணும்.

— ம்.

— நல்ல கதைதான்.

— ...

— ...

— என்ன மாமா, பேச்சையே காணோம்?

— பேசாம இருக்கறது எனக்குத் தொழில் மாப்ளே. லிஃப்டுக்குள்ள ஏறினவங்க யாராவது பேசிப் பாத்திருக்கீங்களா? எல்லாரும் கதவையே பாத்துட்டு நிப்பாங்க. நான் அவங்களைப் பாக்காம நிப்பேன். ஒருத்தர் மூச்சு விடறதை வச்சே அவருக்கு என்ன கஷ்டம்னு சொல்லிடுவேன்.

— என் மூச்சு என்ன சொல்லுது?

— அக்ரிலிக் தூசு ஏறுதுன்னு சொல்லுது. ஜன்னலைத் திறங்க.

— திறந்துதான் இருக்கு.

— அப்ப இந்தப் பக்கம் வாங்க. இங்க, இந்த மூலையில பாருங்க. இது நேத்து இருந்துதா?

— எங்க?

— உள்பக்கம். நீளமா, ஒரு முடி ஒட்டிக்கிட்டிருக்கற மாதிரி. முடிதானோன்னு தட்டிப் பாத்தேன். போகல.

— துணியில மணல் இருந்திருக்கும்.

— போன வாரமும் மணல்னீங்க. நம்ம வீடு என்ன கடற்கரையா?

— செவ்வாய்க்கிழமை நான் ஒண்ணு காட்டினப்ப நீங்கதானே மாமா மணல்னு சொன்னீங்க?

— சொன்னேனா? இருக்கும். மணல்தான். எவ்வளவு அலசினாலும் ஒரு பொடி நின்னுடும்.

— மறுபடியும் எண்ணூறாம் தாள்லேர்ந்து வரணும்.

— வந்தா வருது. நமக்கு என்ன அவசரம்?

— ம்.

— உங்க ஸ்பிரிட் வேலையை விட இது எவ்வளவோ தேவலை.

— அதை விடவே மாட்டீங்களா?

— எப்படி விடறது? மருந்துக் கடையில நின்னு நின்னு, எதைப் பாத்தாலும் ஊசி போடப் போற கை மாதிரியே தெரியுது உங்களுக்கு. தொட்டியைத் துடைக்க ஸ்பிரிட்டு! காலையில வந்து பாத்தா அந்தப் பக்கம் பூரா பொடிப்பொடியா வெடிச்சு, உறைஞ்ச பாலாடை மாதிரி நிக்குது.

— கண்ணாடின்னு நினைச்சுட்டேன். அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு ஆகாதுன்னு யாருக்குத் தெரியும்?

— பெரியவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— தெரிஞ்சிருக்கும். வாங்கிட்டு வந்த அன்னிக்கே சொன்னா, இதுக்கு சோப்புத் தண்ணி தவிர எதுவும் ஆகாதுன்னு. நான்தான் காதுல வாங்கல.

— மடியில வச்சுக்கிட்டே வந்தா இல்ல?

— வண்டியில இடம் இருந்தது. பின்னாடி வைன்னேன். ஆடும்னுட்டா. பல் டாக்டர் ஒருத்தர் கிளினிக்கைக் காலி பண்றார்னு கேள்விப்பட்டுப் போயி, அங்க வாசல்ல வெயில்ல கிடந்ததை எடுத்துட்டு வந்தா. உடம்பு பூரா கீறல். எதுக்கு இந்தக் குப்பைன்னு கேட்டேன்.

— என்ன சொன்னா?

— கீறல்தானே, தேய்ச்சா போயிடும்னா.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் இது பால்கனியில துணி மூடிக் கிடந்தது. மீதி உங்களுக்கே தெரியுமே.

— தெரியும். தண்ணி தொட்டுக்கோங்க மாப்ளே, தாளு காயுது.

— ம்.

— நல்லா ஈரமா.

— மாமா, பை எடுத்து வச்சுட்டீங்களா?

— அது எப்பவோ எடுத்து வச்சாச்சு. எடுத்து வச்ச நாள்லேர்ந்து அந்தப் பையிலேர்ந்தே ஒவ்வொரு சட்டையா உருவிப் போட்டுக்கறேன். துவைச்சு மடிச்சு மறுபடி உள்ள வைக்கறேன். பயணம் போகாமலே பழசாகுது அது.

— சின்னவ இன்னிக்கு நிச்சயமா வராளா?

— வண்டியோட வராளாம், அவ வீட்டுக்காரரும். நேத்து போன்ல ஒரே பிடியா நின்னா. “அக்காவே இல்லாம அத்தான் வீட்ல உங்களுக்கு என்னப்பா வேலை? அக்கா ஆசையா வாங்கின தொட்டி, முடிச்சுக் கொடுத்துட்டு வரேன்னீங்க, சரின்னேன். ரெண்டடித் தொட்டிக்கு இவ்வளவு நாளா? உள்ள உட்கார்ந்து கப்பலா கட்டறீங்க?” அப்படின்னா. அவ கேக்கறதுலயும் ஞாயம் இருக்கு மாப்ளே. உங்களுக்கு என்ன வயசாயிடுச்சு? நாளைக்கு ஒருத்தி இந்த வீட்டுக்கு வரணும்னா, கூடத்துல மொதல் பொண்டாட்டியோட அப்பன் கால் நீட்டிப் பேப்பர் படிச்சிட்டிருந்தா எவ வருவா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— எதைக் கேட்டாலும் அதெல்லாம் ஒண்ணுமில்ல. கடையிலயும் இப்படித்தானா? நெஞ்சு வலிக்குதுன்னு ஒருத்தர் வந்தா, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு அனுப்பிடுவீங்களா?

— மாத்திரை கொடுத்து அனுப்புவேன்.

— எனக்கும் ஒண்ணு கொடுங்க.

— வலிக்குதா மாமா?

— சும்மா சொன்னேன். தேய்ங்க.

— நீங்க என்ன நினைக்கறீங்க? போறதைப் பத்தி?

— நானா? எந்த மாடிக்குப் போகணும்னு நான் முடிவு பண்ணினதே இல்ல மாப்ளே. ஏறினவங்க சொல்ற மாடியில கொண்டுபோய் விடறதுதான் என் வேலை. நீங்க சொல்லுங்க. போகவா, இருக்கவா?

— நான் எப்படி மாமா சொல்றது? பொண்ணு வீட்டுக்குப் போறவரை மருமகன் தடுக்கலாமா? ஊரே சிரிக்காது?

— அதுவும் சரிதான். போன் அடிக்குது மாப்ளே. எடுங்க, என் கையெல்லாம் சேறு.

— சின்னவதான். இந்தாங்க, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.

— அப்பா! அத்தான் பக்கத்துல இருக்காரா?

— இருக்கேம்மா, சொல்லு.

— கிளம்பிட்டோம் அத்தான். அப்பா, மருந்தை மறக்காதீங்க, கண்ணாடியை மறக்காதீங்க, போன தடவை மாதிரி செருப்பு மாத்திப் போட்டுக்கிட்டு நிக்காதீங்க.

— அம்மா, தொட்டி இன்னும் கொஞ்சம்...

— தொட்டியைக் காட்டுங்க எனக்கு. வீடியோ போடுங்க. அத்தான், நீங்க பிடிங்க. அப்பா பிடிச்சா அவர் மூக்குத் துவாரம்தான் தெரியும்.

— இதோ பாரும்மா. தெரியுதா? இங்க ஒரு கீறல். இங்க ஒண்ணு. இது இன்னிக்குத்தான் கண்ணுல பட்டது.

— எல்லாம் உள்பக்கம்தானே? தண்ணி ஊத்துங்க.

— இப்பவா?

— அத்தான், எங்க ஆபீஸ்ல மீன் வளக்கறவர் ஒருத்தர் இருக்கார். உள்பக்கக் கீறல் தண்ணி நிறைஞ்சா கண்ணுக்கே தெரியாதாம். அதுக்குப் போய் உசிரை விட்டுத் தேய்ச்சிட்டிருக்கீங்களான்னு சிரிக்கறார். நேத்தே அப்பாகிட்ட சொன்னேனே?

— ஆமாம்மா, சொன்னே. நான் மாப்ளேகிட்டயும் சொன்னேன்.

— அப்புறம் ஏன் ஊத்திப் பாக்கல?

— வாளி...

— வாளி இல்லாத வீடா அது? ஊத்துங்கப்பா, நான் பாத்துட்டே இருக்கேன்.

— ஊத்துங்க மாமா. நான் போனைப் பிடிச்சுக்கறேன்.

— தெறிக்கப் போகுது, தள்ளி நில்லுங்க.

— மெதுவா.

— இன்னொரு வாளி எடுத்துட்டு வரேன்.

— அய்யோ அத்தான், கிட்டக்கக் காட்டுங்க! தண்ணி ஏற ஏற அழிஞ்சுக்கிட்டே வருது பாருங்க! யாரோ ரப்பர் போட்டு அழிக்கற மாதிரி!

— ஆமா.

— அக்கா இருந்திருந்தா குதிச்சிருப்பா. அப்பா? இருக்கீங்களா?

— இருக்கேம்மா. வாளியை வைக்கறேன்.

— அப்ப தொட்டி முடிஞ்சுது. கையில அடிச்சு சொல்லுங்க, முடிஞ்சுதா இல்லையா?

— வெளிப்பக்கம் ஒண்ணு இருக்கும்மா. முன்னாடி, நடுவுல. அது மறையல, பாரு. நல்லா ஆழமா இருக்கு.

— அத்தான், நீங்க காட்டலேன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன். மீன் பாக்க வர்றவங்க கீறலையா பாப்பாங்க? அப்பா, பையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைங்க. போனை வச்சுடறேன்.

— வச்சுட்டா.

— ம்.

— அவங்கம்மா மாதிரியே மாப்ளே. பேசி முடிச்சதும் நம்மளைப் பேச விடறதில்ல.

— தண்ணி தெளிவா இருக்கு இல்ல மாமா?

— இருக்கு. அந்தப் பக்கச் சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டை கூடத் தெரியுது.

— மாமா, இந்த ஒரு கீறலை மட்டும் எடுத்துட்டுப் போலாமே.

— எப்படி எடுக்கறது? நகம் மாட்டுது பாருங்க. இது மேலோட்டம் இல்ல. தண்ணியை இறைச்சு, காய வச்சு, மொதல் முரட்டுத் தாள்லேர்ந்து ஆரம்பிக்கணும். அது எத்தனை நாள் வேலை.

— ஆரம்பிக்கலாம்.

— சின்னவ வழியில வந்துட்டிருக்கா.

— வரட்டும். காப்பி குடிச்சுட்டுப் போகட்டும்.

— மாப்ளே.

— சொல்லுங்க.

— மணல் இப்படிக் கீறாது. மணல் மெல்லிசா இழுக்கும், வளையும். இது அடிக்கோல் வச்ச மாதிரி நேரா நிக்குது.

— ...

— நான் கேக்கல. சும்மா சொன்னேன்.

— நான்தான் மாமா. காலையில நீங்க குளிக்கப் போனப்ப. வண்டிச் சாவியால. உள்ள கீறினா தண்ணியில மறைஞ்சிடும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க. அதான் வெளியில போட்டேன்.

— உள்ள இருந்ததெல்லாம்?

— அதுவும் நான்தான். எல்லாம் இல்ல. ஒரு பாதி இருக்கும். மீதி நிஜமாவே மணல்தான் போல.

— ஏன் மாப்ளே?

— தொட்டி முடிஞ்சா கிளம்பிடுவேன்னு சொன்னீங்க. போகாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன முறை இருக்கு? அவ இருந்தா நீங்க மாமனார். அவ இல்லாம நீங்க எனக்கு யாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. கடையை மூடிட்டு வந்து கதவைத் திறந்தா, விளக்கு எரியணும். உள்ளேர்ந்து ஒரு இருமல் கேக்கணும். அவ்வளவுதான் மாமா. இன்னொருத்தி வருவாளா மாட்டாளான்னு நான் யோசிச்சதே இல்ல. கோவமா?

— ...

— உங்க விரலெல்லாம் ஊறி வெள்ளையாப் போச்சு. தோல் உரியுது. அதைப் பாத்துக்கிட்டே மறுநாள் போய்க் கீறினேன். திட்டிடுங்க மாமா, பேசாம மட்டும் இருக்காதீங்க.

— கோவம் இல்ல.

— பின்ன ஏன் தொட்டியையே பாத்துட்டு நிக்கறீங்க?

— அது மணல் இல்ல மாப்ளே.

— எது?

— மீதிப் பாதி. நீங்க கீற மறந்துட்டுக் கடைக்குப் போன அன்னிக்கெல்லாம் நான்தான் கீறி வச்சேன்.