தைலமரத்தடிக் காளான்

வழுக்குக் காளானைத் தோலுரித்துத்தான் சமைக்க வேண்டும், ஐயா. சோம்பல்பட்டு அப்படியே வாணலியில் போட்டால் வயிறு கலக்கிவிடும். உங்கள் காவல் நிலையத்தில் யாராவது ஓபெரன் காட்டுப் பக்கம் காளான் பறிக்கப் போனால் சொல்லிவையுங்கள்.

போலந்திலிருந்து வந்து இங்கே குடியேறிய எங்கள் ஆட்களுக்கு இலையுதிர் காலத்து ஞாயிறு என்றால் காடுதான். தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு பைன் காட்டுக்குப் போவோம். பறித்ததை என் மேசையில் கொட்டுவார்கள். நான் ஒதுக்காதது மட்டும் அவரவர் சட்டிக்குப் போகும். சாமியார்கூட நான் சொன்ன பிறகுதான் கரண்டியைத் தொடுவார்.

வழுக்குக் காளானை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ஈரத்தில் தொப்பி வழவழக்கும். அடியில் மடிப்புகள் கிடையாது, கடற்பஞ்சு மாதிரி மஞ்சள் துளைகள்தான். பைன் வேரை ஒட்டித்தான் பிழைக்கும்; வேறு மரத்தடியில் முளைக்காது. பஞ்சு வைத்த காளான் யாரையும் கொல்லாது என்று ஊரில் சொல்வார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

என் மருமகன் ஸ்டெஃபானுக்கு வாய் நீளம். ஒரு ஞாயிறு, அத்தனை பேர் நடுவில் என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினான்.

"மாமா, இது எத்தனை விரல்? கண்ணாடிய மாத்துங்க, இல்லேன்னா மேசைய எங்கிட்ட விடுங்க. போன தடவ புழுவயும் சேத்துல்ல தின்னோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் பெண்டாட்டி, என் மகள் இரேனாவும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் கூடையில் மூன்று காளான்கள் வேறாக இருந்தன. அதே நிறம், அதே பஞ்சு. ஆனால் தண்டில் ஒட்டியிருந்தது பைன் ஊசி இல்லை. தைலமர இலைத் துணுக்கு. அது என்ன காளான் என்று எனக்கும் தெரியாது. வழுக்குக் காளான் இல்லை என்று தெரியும். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் மேசை யாருடையது என்று அவனுக்குப் புரியும் என நினைத்தேன். இரேனா அன்று தனக்கு ரொட்டி மட்டும் போதும் என்று சொல்லியிருந்தாள். மூன்றையும் அவன் சட்டிக்கு அனுப்பினேன்.

ஸ்டெஃபான் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். "ஒரு மாதிரி இருக்கு. எனக்கு வேணாம்."

"எங்கப்பா பாத்துக் குடுத்ததுல குத்தம் சொல்றியா? உனக்குக் கொழுப்பு. கொண்டா, நான் சாப்பிடறேன்," என்றாள் இரேனா.

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் எல்லாருக்கும் தெரிந்துபோயிருக்கும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டை வழித்தாள். வயிற்றுவலிதானே, காலையில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். புதன்கிழமை போய்விட்டாள்.

அடக்கத்தன்று ஸ்டெஃபான் என் தோளை அணைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னான்: "அவர யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், மாமாவுக்குக் கண்ணு தெரியல."

அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால்தான் நானே நடந்து வந்தேன். நீங்களும் பார்வை மங்கல் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. மூன்றையும் பார்த்தேன். அவள் விழுங்கியதையும் பார்த்தேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.