மாடத்தில் நின்றவர்

— தொண்டை இப்படிக் கட்டியிருக்கே அலெய்டா. பட்டாணி சூப்பையாவது சூடா குடி.

— காலையிலேர்ந்து கத்துறேன்லப்பா. எங்க சந்தையில கத்தினாத்தான் வியாபாரம். அதை விடுங்க. எதுக்கு வரச் சொன்னீங்க?

— வெள்ளிக்கிழமை எனக்கு விருந்து வைக்கிறாங்க, பங்குச் சந்தையை விட்டு ஓய்வு பெறுறேன்னு. நீ வர மாட்டேங்கறியாம். அம்மா சொன்னா.

— உங்க ஆளுங்களுக்கு நடுவுல நான் எதுக்குப்பா? ஆம்ஸ்டர்டாம் முழுக்க எங்களைச் சூதாடிங்கன்னு சொல்லிட்டுத் திரியறவங்க.

— பாரும்மா, அவங்களுக்குப் புரியலை. பங்கைக் கண்ணுலயே காட்டாம, பின்னாடி ஒரு நாள் இந்த விலைக்கு வாங்கிக்கலாம்ங்கற உரிமையை மட்டும் விக்கிறீங்க. ஏப்ரல்ல நீங்க கடை திறந்தப்ப எனக்கே சிரிப்பாத்தான் இருந்துச்சு.

— ஐரோப்பாவுலயே முதல் ஆப்ஷன் சந்தை. அது உங்களுக்குச் சிரிப்பு.

— இப்ப சிரிக்கலை. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தேன்.

— அப்படியா.

— என் கூட பங்குச் சந்தையில இருக்கற தெர்போர்க்தான் வேடிக்கை பார்க்கலாம் வாங்கன்னு இழுத்துட்டு வந்தார். மேல பார்வையாளர் மாடத்துல நின்னோம். நீ சிவப்புக் கோட்டுல, அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல கையைத் தூக்கி விலை சொல்லிட்டிருந்தே. உன் குரல் மட்டும் தனியா மேல வந்துச்சு.

— பிடிக்கலையாக்கும்.

— பெருமையா இருந்துச்சும்மா. அதான் கேவலம்.

— என்ன சொல்றீங்க?

— தெர்போர்க் உன்னைச் சின்னப் பிள்ளையில பார்த்தது, அடையாளம் தெரியலை. 'மீன்காரி மாதிரி கத்துதே, யார் வீட்டுப் பொண்ணு அது?'ன்னு கேட்டார். சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தெரியலையேன்னுட்டேன்.

— தெரியலைன்னுட்டீங்களா?

— அன்னிலேர்ந்து சாப்பாடு இறங்கலை. உங்கம்மா முகத்தைப் பார்க்க முடியலை. விருந்துல அத்தனை பேர் முன்னாடி, தெர்போர்க் முன்னாடி, இவ என் பொண்ணுன்னு சொல்லணும். அதுக்காவது வா. திட்டணும்னா இங்கேயே திட்டிடு. நிமிர்ந்து என்னைப் பாரு.

— முடியலைப்பா. திட்டுறதுக்கு எனக்கு வாயில்லை.

— ஏம்மா?

— கீழேயிருந்து நானும் உங்களைப் பார்த்தேன். பக்கத்துல நின்னவன் கேட்டான், 'மேல ஒரு கிழவர் உன்னையே பார்த்துட்டு இருக்காரே, உனக்கு வேண்டியவரா?'ன்னு. பழைய பங்குச் சந்தை ஆளோட பொண்ணுன்னு தெரிஞ்சா என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்கப்பா. 'யாரோ வழி தவறி வந்துட்டாரு'ன்னு சொல்லிட்டேன்.