சேத்துல குந்துன திறப்புவிழாக் கப்பல்

கப்பல் நின்னு போச்சு பாய். கப்பல் வந்து அணையுற மேடை, அந்த ஜெட்டிக்கு இருநூறு அடிதான் பாக்கி. பேண்ட் வாத்தியம் முழங்குது, மந்திரி கையில கத்திரிக்கோல், நாங்கெல்லாம் கைதட்ட ரெடி... கப்பல் வரல. சேத்துல குந்திருச்சு, எரும மாதிரி. நூத்தியெண்பது மீட்டர் எரும.

இல்ல இல்ல, நீங்க தள்ளி உக்கார வேணாம், ஜன்னல் பக்கமே இருங்க. ரயில் டாக்கா போய்ச் சேர இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்குல்ல. நானும் அங்கதான். நாளைக்குக் காலைல விசாரணைக் கமிட்டி. அந்தக் கப்பல ஆத்துக்குள்ள ஓட்டிட்டு வந்த பைலட்டு, கேப்டன் ஒபைதுல்... இருபத்தாறு வருசமா இதே ஆத்துல ஓட்டுறவரு... அவரு லைசென்ஸப் புடுங்கப் போறாங்க. நான் சாட்சி.

மோஹோரிகாட் துறைமுகம் தெரியுமா? தெரியாதா? சரிதான், கப்பலுக்கே தெரியாது. மூணு ஆட்சி, மூணு அடிக்கல். வரிசையா நிக்குது, கபர்ஸ்தான்ல சமாதிக் கல்லு நிக்கிற மாதிரி. நாலாவதா வந்தவருக்குக் கல்லு வைக்க எடமில்ல, வேற வழியில்லாம ஜெட்டியவே கட்டிட்டாங்க.

நான் அங்க திட்டப் பிரிவுல... பதினாலு மாசமா தற்காலிகம். ஆனா எனக்குத் துறைமுகம்னா உசுரு பாய். எந்தக் கப்பல் எவ்ளோ நீளம், எவ்ளோ ஆழம் கேக்கும், தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க. எங்க ஆபீஸ்ல மத்தவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே அளவு, விருந்துக்கு எத்தன மாடுன்றதுதான். நாலு. ஊருக்கே போடுற மேஜ்பான் விருந்துக்கு நாலு மாடு அறுத்தாங்க. ஆத்தத் தூர்வார மட்டும் ஆளில்ல. ஜால்முரி எடுத்துக்கங்க, காரம் கம்மிதான்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்... ஆங். நம்ம ஆத்துல கடல் ஏறி, தண்ணி ரொம்பி நிக்கிற உச்சி நேரத்துலதான் பெரிய கப்பல் உள்ள வரலாம். அது தாண்டுனா தண்ணி எறங்கிட்டே இருக்கும். யாரு வந்தாலும் நிக்காது, ஆத்துக்கு புரோட்டோகால் தெரியாதுல்ல.

அழைப்பிதழ்ல கப்பல் வர்ற நேரம் பன்னண்டே முக்கால். அதப் பாத்துட்டு கேப்டன் நேரா எங்க ரூமுக்கு வந்தாரு. "சார், உச்சி பதினொண்ணே முக்கால். ஒரு மணி நேரம் கழிச்சு வரச் சொல்றீங்களே"ன்னாரு. எங்க மேலதிகாரி கிப்ரியா சார் என்ன சொன்னாருங்கறீங்க? "ஆயிரம் கார்டு அச்சடிச்சாச்சு கேப்டன். தண்ணியக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க." சிரிக்காதீங்க பாய், சத்தியமா. கேப்டனும் சரின்னு போயிட்டாரு. எழுத்துல கேட்டு வாங்கல, பாவம். அன்னிக்கு மந்திரி அதுக்கும் மேல அரமணி லேட்டு.

இப்ப அதே கிப்ரியா சார், "பைலட் தாமதமாக வந்தார்"னு ஒரு வரி டைப் பண்ணி என் கையில குடுத்துருக்காரு. கையெழுத்துப் போட்டா வேல நிரந்தரம். இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு. நம்ம நாட்டு நிர்வாகம் எப்டி இருக்கு பாருங்க.

என்ன கேட்டீங்க? கார்டுல அந்த நேரத்தப் போட்டது யாருன்னா...

அது வந்து... இந்த ஜூன்ல கெவர்மெண்டு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுச்சுல்ல, டிஜிட்டல் டைம்னு ஊரே சிரிச்சுச்சே. கடல் ஏறி எறங்குற நேரம் போட்ட ஓத அட்டவணை பழைய நேரத்துல அச்சானது, நாமதான் ஒரு மணி கூட்டிக்கணும். ஹார்பர் பிரிவுலேர்ந்து வந்த சீட்டுல பதினொண்ணே முக்கால்னு இருந்துச்சு. அடடா, கூட்ட மறந்துட்டானுங்க, இந்த ஆபீஸ்லயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் மூள இருக்குன்னு... நான் கார்டுல ஒரு மணி கூட்டிப் போட்டேன். அவங்க ஏற்கனவே கூட்டித்தான் அனுப்பிருந்தாங்க. கூட்டியாச்சுன்னு அந்தச் சீட்டோட அடியிலயே எழுதியிருந்துச்சு. நான் பாக்கல.

கேப்டன் வந்து சொன்னாருல்ல, அப்ப நான் பக்கத்து நாற்காலிலதான் இருந்தேன். அந்த நிமிசமே புரிஞ்சுபோச்சு. கையில டீ இருந்துச்சு. குடிச்சேன்... குடிச்சிட்டே இருந்தேன்.

நேத்து கேப்டனே போன் பண்ணாரு. "ரெஸ்வான் தம்பி, அந்த ரூம்ல இருந்தது நீ ஒருத்தன்தான். கார்டுல நேரத்த மாத்துனது கிப்ரியான்னு நீ சொல்லிட்டாப் போதும்"னாரு. என்னச் சாட்சியாப் போடச் சொன்னதே அவருதானாம். மாத்துனது சார்னே நம்பிட்டு இருக்காரு பாய். நான் சரின்னுட்டேன். சரி கேப்டன், சொல்லிடுறேன் கேப்டன்னு.

எந்திரிக்காதீங்க, ஸ்டேசன் இன்னும் வரல. ஒண்ணே ஒண்ணு. ஒங்களுக்கும் இப்டி ஆயிருக்கா? நாம செஞ்ச தப்புக்கு மாட்டிக்கிட்ட ஆளே, நீதான் என்னக் காப்பாத்தணும்னு நம்ம கையப் புடிச்சுட்டு நின்னது?