சம்பந்திக்கு ஒரு கடல்

சிந்தாமணி: ஏங்க, செவுத்துல வரைஞ்ச கடலுக்கு எதுக்கு மதகு?

பூமாலை: எங்கடி மதகு? ...ஐயையோ!

சிந்தாமணி: அந்தா, மூலையில. பக்கத்துல கொக்கு வேற ஒத்தக்கால்ல நிக்கிது.

பூமாலை: அரியலூர் ஏரியப் பாத்து வளந்த கை. தண்ணின்னாலே மதகுதான் வருது.

சிந்தாமணி: அலை உழுத சால் மாதிரி இருக்கு. மக்காச்சோளம் வெதைச்சுடலாம்.

பூமாலை: சிரிக்காத. செல்லுல பாத்த படம் நல்லாத்தான் இருந்துச்சு. நூத்தம்பது வருசத்துக்கு முந்தி எவனோ வெள்ளக்காரன் வரைஞ்சது. மீன்காரன் படகுல நிக்கிறான். பொண்டாட்டி கரையில, இடுப்புல புள்ள, கண்ணு மட்டும் கடல் மேல...

சிந்தாமணி: செல்லு படத்துல அவ வெறுங்காலோட நிக்கிறா. நீங்க கொலுசு மாட்டிவுட்டுருக்கீங்க.

பூமாலை: சம்பந்தியும் மீன்கார சனம், கேவலமா வரைஞ்சேன்னு ஆயிடாதா?

சிந்தாமணி: நாள் குறிக்க வர்ற மனுசனுக்குக் காபி குடுத்தா பத்தாது?

பூமாலை: சமயபுரத்துல பொண்ணு பாத்தப்ப வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தனா? "நான் பெரிய ஆர்ட்டிஸ்ட், மாசம் ஒருக்கா கடலப் பாக்கலன்னா தூக்கம் வராது"ன்னேன்.

சிந்தாமணி: அடப்பாவமே! மெரினாவக்கூட பாத்ததில்லயே நீங்க!

பூமாலை: சம்பந்தி ராசாங்கம் நாகப்பட்டினத்துல சுறா புடிச்ச கதைய அவுத்துவுட்டாரு. நான் மட்டும் செவுத்துக்கு வெள்ளையடிக்கிறேன்னா சொல்றது? நம்ம சரத்து அவரு பொண்ணு மணிமொழியத்தான் கட்டுவேன்னு நாலு வருசமா ஒத்தக்கால்ல...

சிந்தாமணி: கொக்கு மாதிரி.

பூமாலை: வெளையாடாத புள்ள. பொய்யன் வூட்டுக்குப் பொண்ணு இல்லன்னுட்டா, எம் மவன் மூஞ்சில எப்புடி முழிப்பேன்? பயமா இருக்கு. பிரஷ்ஷக் குடு, மதக அழிச்சிர்றேன்...

சிந்தாமணி: இப்பவா? வாசல்ல வந்துட்டாரு! வாங்க சம்பந்தி, வாங்க வாங்க!

ராசாங்கம்: வரேம்மா. ...அடேயப்பா! என்ன சம்பந்தி, செவுரு பூரா?

பூமாலை: கடலுங்க... உங்க சனம்... படகுல நிக்கிறது நீங்கதான். அந்த மதகு வந்து...

ராசாங்கம்: மதக வுடுங்க. அது நானா? நடுக்கடல்லயா?

பூமாலை: சம்பந்தி, மனசுல வச்சுக்க முடியல. நான் கடலப் பாத்ததே இல்ல. அன்னிக்கு வுட்டது அம்புட்டும் புளுகு. கோவிச்சுக்கிட்டு நாள் குறிக்காம போயிடாதீங்க.

சிந்தாமணி: கோவிச்சுக்காதீங்க சம்பந்தி, மொதல்ல காபி குடிங்க.

ராசாங்கம்: சுறா புடிச்சது எங்க அண்ணன். நான் கரையில ஐஸ் ஒடைக்கிறவன்... படகுல கால வச்சாலே எனக்கு வாந்தி. மொதல்ல என்னைய எறக்கி அந்த மதகு மேல ஒக்கார வைங்க சம்பந்தி, அப்பறம் நாளக் குறிப்போம்.