காசியில் சொன்ன பெயர்

பம்பலப்பிட்டியில் நான் பஸ் ஏறியபோது முன் சீற்றில் இருந்த மனிதர் மூடி ஒட்டிய சின்னக் கங்கைச் செம்பைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“காசியில வாங்கினது, அண்ணி. சாமியறையில வையுங்கோ.”

நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த அந்தப் பெண் கையை நீட்டவில்லை.

“அங்க அவருக்கும் பிண்டம் வச்சனீரோ, தம்பி?”

“ஐயர் செத்த ஆக்களின்ர பேரைக் கேட்டார். அம்மாவின்ர பேரைச் சொன்னன். பிறகு அண்ணையின்ர பேரையும் சொல்லிப்போட்டன்.”

“அவர் செத்ததை ஆர் கண்டது?”

“சண்டை முடிஞ்சு இவ்வளவு வருசமாச்சு, அண்ணி. ஒரு சேதியும் இல்லை. ஆராவது செய்யத்தானே வேணும்.”

“ஐயர் திதி கேட்டிருப்பாரே. என்ன சொன்னனீர்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“தெரியாது எண்டன். அப்ப அமாவாசை எண்டு வைப்பம் எண்டார்.”

“காணாமல் போனவர் எண்டு சொல்லேல்லையோ?”

“இல்லை.”

வெள்ளவத்தைச் சந்தையடியில் அந்தப் பெண் எழுந்தார். செம்பு இன்னும் அந்த மனிதரின் கையிலேயே இருந்தது.

“வாற அமாவாசைக்கு வீட்டுக்கு வாரும், தம்பி. என்ர வீட்டில விரதம் இல்லை. உம்மட அண்ணைக்குப் பிடிச்ச மீன்குழம்பு வைக்கிறன். இருந்து சாப்பிட்டிட்டுப் போம்.”