ஏணிக்கு அடித்த மணி

டீயை ஆறவிடாதீர்கள். எனக்கு வேண்டாம், நான் வெந்நீரைத் தவிர வேறொன்றும் குடிப்பதில்லை. தொண்டையை வைத்துப் பிழைக்கிறவன், கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு மேடையில் நடந்தது விபத்தா என்று விசாரித்து எழுதிக்கொடுக்கும்படி டிவிக்காரர்கள் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை நீங்கள் பார்த்தவர்கள் எல்லோரும் விபத்து என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் எனக்குச் சின்ன மனத்தாங்கல். இத்தனை வருஷமாக நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் ஏதோ கைதவறி மணியடித்துவிட்டான் என்று நாலு பேர் பேசினால் நன்றாகவா இருக்கும்?

அந்தப் பாட்டுப் போட்டியின் விருது, மேடையில் நேரடியாகப் பாடுகிற குரலுக்கானது. அதற்கு என்னை நடுவராகப் போட்டவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். நான் மேடையில் நேரடியாகப் பாடி எவ்வளவோ காலமாகிறது. கச்சேரியில் பதிவு செய்த பாட்டு ஓடும், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை அசைப்பேன், கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடினால் ஜனங்கள் நம்பிவிடுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு நடுவர் ஒரு நடிகை. அவருக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது, அதனாலேயே அவர் போட்ட மார்க்கெல்லாம் நியாயமாக இருந்தது.

ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு வேறு பெயர் உண்டு, ஸ்டுடியோவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு பாட்டின் கீழ்ப்பகுதியை நான் பாடுவேன். குரல் மேலே ஏறவேண்டிய இடம் வந்ததும் நான் வராந்தாவுக்குப் போய் வெந்நீர் குடிப்பேன், அவன் உள்ளே போய்ப் பாடுவான். சவுண்ட் இன்ஜினியர் இரண்டையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிடுவார். தெய்வம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் குரலைக் கொடுத்து, மாடியை மட்டும் அவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. என் ரசிகர்கள் கண்ணீர் விடுகிற இடமெல்லாம் அவன் பாடிய இடம். அவன் இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அண்ணே அண்ணே என்று காலைச் சுற்றி வருவான். நானும் அவன் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன்தான், ஒன்றும் குறைவைக்கவில்லை.

அந்த ஏணி போட்டியில் கலந்துகொண்டு இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டான்.

நிகழ்ச்சிக்கு முன்னால் மேக்கப் அறைக்கு மனைவியோடு வந்தான். அவள் கையில் பிளாஸ்க் இருந்தது. அவன் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அவள் மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள்.

"அண்ணே, தொண்டைல ரத்தம் கட்டியிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். பாடவே கூடாதுன்னார். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு பாட்டுக்குச் சம்மதம் வாங்கியிருக்கேன். ஒருதரமாவது என் மூஞ்சிய காட்டிப் பாடணும்ணே."

"பாடு தம்பி, யாரு வேணாங்கறா?" என்றேன்.

"உங்களுக்குச் சங்கடம் வராதுண்ணே. கீழேயே நிக்கிற பாட்டாப் பாத்து எடுத்திருக்கேன். மேல போனாத்தானே கண்டுபிடிப்பாங்க."

அவன் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்த மணிய மட்டும் அடிச்சிராதீங்கண்ணே. அவரு மாட்டேன்னு சொல்ற ஆளு இல்ல."

நடுவர் மேசையில் ஒரு வெண்கல மணி உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு குரல் மனத்தைத் தொட்டுவிட்டால் நடுவர் எழுந்து நின்று அதை அடிக்கலாம். அடித்தால் பாடியவர் அதே சரணத்தைச் சுருதியை நாலு கட்டை ஏற்றி உடனே மறுபடியும் பாட வேண்டும். பாடி முடித்தால் மார்க்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை, விருது அவருக்குத்தான். அதைவிடப் பெரிய மரியாதை அந்த நிகழ்ச்சியில் கிடையாது. மணியடித்த பிறகு பாட மறுத்தவர் ஒருத்தரும் இல்லை. மறுத்தால் ஊரே காறித் துப்பும்.

ஏணி பாடினான். கீழேயே நின்றுதான் பாடினான், சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் நன்றாகப் பாடித் தொலைத்தான். பாதிப் பாட்டில் நடிகை என் காதருகே குனிந்தார்.

"சார், அப்படியே உங்க குரல் மாதிரி இருக்கே?"

ஒன்றும் தெரியாத இந்த அம்மாளுக்கே பொறி தட்டிவிட்டதென்றால், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு எவ்வளவு நேரமாகும்? இன்றைக்கு ஜெயித்தால் நாளைக்குக் கச்சேரி செய்வான். கச்சேரியில் மேலே போகாமல் இருப்பானா? குறைத்து மார்க் போடலாம்தான். அது சின்னத்தனம். நான் யாருக்கும் குறைத்து மார்க் போட்டதில்லை.

எழுந்து நின்றேன். கண்ணில் நீர் இருந்தது, அது பழக்கம். "இந்தத் தம்பி என்னைவிட நன்றாகப் பாடுகிறார்" என்று மைக்கில் சொன்னேன். டிவியில் நான் சொன்ன ஒரே உண்மை அது. என் தன்னடக்கத்தைப் பார்த்து அரங்கமே கைதட்டியது. பிறகு மணியை அடித்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். லேசாகத் தலையை அசைத்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். அந்தக் கூட்டத்தில் அது எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டும்தான் புரிந்திருக்கும். நான் சிரித்துக்கொண்டே, பாடு என்று கையைக் காட்டினேன்.

பாடினான் ஐயா. நாலு கட்டை ஏற்றிப் பாடினான். என் பாட்டுகளில் இருக்கிற அதே உச்சத்தைத் தொட்டான், எனக்கே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துப்போயிற்று. ஒருதரம் கேட்டதை வைத்து, என்னைப் பார்த்துப் பாடக் கற்றவன் என்றுதான் ஜனங்கள் நினைத்திருப்பார்கள். கடைசி அடியில் பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வாய் மட்டும் அசைந்தது. வாயசைப்பு எனக்குத் தெரியாததா? பின்னணி இசை ஓங்கி ஒலித்ததால் மற்றவர்கள் கவனிக்கவில்லை.

விருதை என் கையால்தான் கொடுத்தேன். "இரண்டு வார்த்தை பேசுங்கள் தம்பி" என்று மைக்கையும் நீட்டினேன், முறை என்று ஒன்று இருக்கிறதே. அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெகிழ்ச்சியில் அவருக்குப் பேச்சே வரவில்லை என்று தொகுப்பாளினி சொன்னாள். ஆமாம், வரவில்லை. இனிமேலும் வராதாம், ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். "தெரிஞ்சிருந்தும் ஏண்ணே அடிச்சீங்க?" என்று அவன் மனைவி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "பாட்டுல சொக்கிப்போய் மறந்துட்டேம்மா" என்றேன். ஏணி என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டான். ஏதோ சொல்ல முயன்றான் போலிருக்கிறது, உதடு அசைந்தது. என் விரலுக்கு அடியில் ஒரு அதிர்வும் இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே விபத்து என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அவன் தொண்டையின் நிலைமை தெரிந்து, அது போகவேண்டும் என்றுதான் மணியடித்தேன். ஒருத்தனை எழுந்து நின்று கௌரவித்தது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, தேடிப் பார்த்துச் சொல்லுங்கள். என் குரலை நான் காப்பாற்றிக்கொண்டேன், வேறென்ன?

நேற்றுக்கூட ரெக்கார்டிங் இருந்தது. கீழ்ப்பகுதியைப் பாடிவிட்டு, மேலே ஏறுகிற இடம் வந்ததும் வழக்கம்போல் வராந்தாவுக்குப் போய் வெந்நீர் குடித்தேன். ரொம்ப நேரமாகியும் உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. இன்ஜினியர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"அண்ணே, மேல யாரு பாடறது?"

தொண்டை கட்டியிருக்கிறது, பிறகு பாடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் வெந்நீர் குடித்தால் எனக்குச் சரியாகிவிடும்.